நாலாம் பாடம்

கால்வாசி படித்தவனுக்கு இருக்கிற துணிச்சல் முழுக்கப் படித்தவனுக்கு இருப்பதில்லை. இதற்குச் சாட்சியாக ஒரு மனிதரின் இரண்டு புருவங்களைக் காட்டியிருப்பேன். அவற்றை நானே பிடுங்கிவிட்டதால் முடியவில்லை.

பேசும் படம் வந்த புதிது. கதாநாயகிகள் பென்சில் கோடு மாதிரி புருவம் வைத்துக்கொண்ட காலம். இன்டர்மீடியட்டில் இரண்டு முறை தோற்றிருந்த நான், தபாலில் புருவ அலங்காரம் கற்றுத்தரும் ஒரு பம்பாய் வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு பாடங்கள், பதினைந்து நாளைக்கு ஒன்று வரும். மூன்று வந்ததுமே ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஓர் அறை பிடித்து, ‘புருவ அலங்கார நிபுணர்’ என்று பலகை மாட்டிவிட்டேன். (மீதி ஒன்பதும் வெறும் வளவளப்பாக இருக்கும் என்று நினைப்பு.)

சில நாள் ஈ ஓட்டினேன். பிறகு மாணிக்கம் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அடுத்த வாரம் கல்யாணம். அவருடைய புருவங்கள் மூக்குக்கு மேலே கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே குடியிருந்தன.

“நைனா, ரெண்டு முடி கண்ணாண்ட குத்திக்கினே கீது. அத்த மட்டும் எடுத்துடு.”

“உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

கூடிய புருவத்துக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி வேண்டும் என்று மூன்றாம் பாடத்தில் படம் போட்டிருந்தது. நூலை எடுத்தேன். இடைவெளி வந்தது. இடது தடித்துத் தெரிந்தது, குறைத்தேன். உடனே வலது தடித்தது, அதையும் குறைத்தேன்.

“வலிக்குதுபா!”

“அழகுன்னா கொஞ்சம் வலிக்கும்.”

முடித்தபோது மேலே கதாநாயகியின் புருவம். கீழே மாணிக்கத்தின் மீசை. கண்ணாடியை வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாரு இது?” என்று கேட்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை துறைமுக வாசலில் காவல்காரரும் அதையேதான் கேட்டாராம். மாணிக்கத்தின் நுழைவு பாஸில் அங்க அடையாளம்: ‘கூடிய, அடர்ந்த புருவம்’.

மாணிக்கம் நேரே என் அறைக்கு வந்தார். “மூணு நாளு உள்ள போவலன்னா பேர வெட்டிடுவானுங்க. வேலையில்லாதவனுக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்? வா, வந்து சொல்லு!”

சொல்வதற்குப் பதிலாக, வாசலுக்கு அருகில் அவரை நிறுத்தி மைப் பென்சிலால் பழைய புருவத்தை வரைந்தேன். (அப்போதும் நிபுணர்தான்.) காவல்காரர் பாஸைப் படித்துவிட்டு நிமிர்வதற்குள் வியர்வையில் புருவம் கன்னத்துக்கு வந்துவிட்டது.

“யோவ், புருவம் எறங்கி வருது பாரு!” என்று யாரோ கத்த, வரிசை முழுக்கச் சிரித்தது. மாணிக்கம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வெட்கம் வந்தது அந்தக் குனிவைப் பார்த்த பிறகுதான்.

“இவர் மேல தப்பில்லைங்க. நான்தான் பண்ணினேன். எழுதித் தரேன்” என்றேன்.

உள்ளே ஒரு குமாஸ்தா காகிதம் கொடுத்தார். இரண்டே முடி எடுக்கச் சொன்னவரின் புருவத்தை, சொன்னதைக் கேளாத என் அறியாமையால் இல்லாமல் செய்தேன் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா உரக்கப் படித்தார். மத்தியானத்துக்குள் அது மேசை மேசையாகச் சுற்றிவந்தது. நான் எழுதி நாலு பேர் சிரித்த முதல் கட்டுரை அதுதான். சாயங்காலம் பாஸில் அடையாளத்தை மாற்றினார்கள்: ‘வலது காதில் மச்சம்’. மாணிக்கம் அந்தக் காதைக் கையால் மூடிக்கொண்டேதான் என்னிடம் விடைபெற்றார்.

அறைக்குத் திரும்பினால் கதவிடுக்கில் நாலாம் பாடம். தலைப்பு, வாடிக்கையாளரைப் பேணுதல். ‘கருவியை எடுக்குமுன், வந்தவர் என்ன வேண்டுகிறார் என்று காதுகொடுத்துக் கேள்’ என்பது முதல் வரி. இதை முதல் பாடமாக அனுப்பியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. அனுப்பியிருந்தாலும் படம் இல்லையென்று புரட்டித் தள்ளியிருப்பேன்.

அன்றே பலகையைக் கழற்றினேன். கல்யாணத்துக்கு மாணிக்கம் என்னையும் அழைத்திருந்தார். பெண் அவரை ஏறிட்டுப் பார்த்து, “வளந்துரும்ல?” என்று மட்டும் கேட்டாள். வளர்ந்தது.

இன்றைக்கும் வீட்டில் யாராவது ‘தலைவலி’ என்று வாயெடுத்ததும் நான் பத்தியம் சொல்ல ஆரம்பித்தால், அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்:

“நாலாம் பாடம் வந்தாச்சா?”