சின்னவனுக்கு வந்த வெள்ளைப் புள்ளி

“இந்த மீனுக்கே தோல் வியாதி போலிருக்கே!”

ஒரு தோல் டாக்டரின் காத்திருப்பு அறையில் யாரும் சொல்லக் கூடாத வாக்கியம் அது. டோக்கன் நாலு சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் கண்ணாடித் தொட்டியில் விரலை வைத்துக் காட்டவும் செய்தார். ஐந்து, ஆறு, ஏழு மூவரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். எட்டு எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மட்டும் தொட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

டோக்கன் கொடுக்கும் மேசையில் இருந்தவர் டாக்டரின் அக்கா. நோயாளிகள் முன்னால் தம்பியை ‘டாக்டர்’ என்பார். கதவைச் சாத்திவிட்டால் ‘டேய்’தான். இப்போது உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

“டேய், சின்னவன் மூஞ்சியெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி. வெளியில ஒரு கூட்டமே நின்னு வேடிக்கை பார்க்குது.”

சின்னவன் என்பது தொட்டியில் இருந்த இரண்டு தங்க மீன்களில் இளைத்தது. கொழுத்தது பெரியவன். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதால் அண்ணன் தம்பி என்று அக்கா முடிவு கட்டிப் பெயர் வைத்திருந்தார். வாங்கியதற்குக் காரணம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக வந்த இன்னொரு தோல் டாக்டர். அங்கே குளுகுளு அறை, பஞ்சு நாற்காலி. நம் டாக்டரிடம் இருந்தவை பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்கள் தெருவைத் தாண்டாமல் இருக்க ஏதாவது அழகாக வேண்டும் என்றுதான் மீன் வந்தது.

அழகு ஒருபுறம் இருக்கட்டும். டாக்டருக்கு ஊரில் வேறொரு பெருமை உண்டு. எதிர் டாக்டர், வந்தவரையெல்லாம் ரத்தம் கொடு, சுரண்டிக் கொடு என்று பரிசோதனைக்கு அனுப்புவார். இவர் எட்டடி தூரத்தில், ஆள் வாசற்படியைத் தாண்டும்போதே பெயரைச் சொல்லிவிடுவார். ஆளின் பெயரை அல்ல, வியாதியின் பெயரை. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அறைக்கு வெளியே வந்தவர் தொட்டியிலிருந்து சரியாக எட்டடியில் நின்றார்.

“வெள்ளைப் புள்ளி நோய்” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஒட்டுண்ணி. உப்பைத் தூவின மாதிரி இருக்கு பாருங்க. தொட்டி மீனுக்கு இது நமக்கு ஜலதோஷம் வர்ற மாதிரி. ஒரு வாரத்துல துடைச்சுடறேன்.”

“கொஞ்சம் சுரண்டிப் பார்த்துட்டா…” என்று இழுத்தார் டோக்கன் நாலு.

“சுரண்டறதெல்லாம் எதிர்ப்பக்கம்.”

சபை சிரித்தது. மூலை நாற்காலியில் இருந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல் எழுந்தார். பக்கத்தில் அவருடைய மகன், கைக்குட்டையால் முகத்தை மூடியபடி.

“டாக்டர், நாங்க மீன் பண்ணை வச்சிருக்கோம். அது வந்து…”

“நீங்க பதினொண்ணு” என்றார் அக்கா. “உங்க முறை வரட்டும்மா.”

முறை வந்தது. மகன் கைக்குட்டையை எடுத்தான். அவன் இன்னும் வாசற்படியில்தான் இருந்தான்.

“பரு” என்றார் டாக்டர். “என்ன வயசு? பதினேழா?”

“ஆமா டாக்டர். ராத்திரியெல்லாம் ஆவி பிடிக்கிறான். பத்து தடவை மூஞ்சி கழுவறான். என்னென்னமோ பூசறான்.”

“அதனாலதான் அதிகமாகுது. அம்மா, இது வியாதி இல்ல, வயசு. சூடு காட்டாதீங்க, எதையும் பூசாதீங்க. தானாப் போயிடும்.”

“ஒண்ணுமே குடுக்க மாட்டீங்களா?” என்றான் மகன், ஏமாற்றத்துடன்.

“குடுக்காததுதான் வைத்தியம். சந்தேகமா இருந்தா அடுத்த வாரம் வந்து காட்டு.”

“டாக்டர், இன்னொரு விஷயம்…” என்று அம்மா ஆரம்பித்தார். டாக்டர் மணியை அழுத்திவிட்டார். பன்னிரண்டு உள்ளே வந்துவிட்டது. வெளியே தொட்டி முன்னால் அந்த அம்மா தயங்கி நின்றபோது, “டாக்டர் பார்த்துட்டார், பயப்படாதீங்க” என்று அக்கா வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

அன்று மாலையே வைத்தியம் தொடங்கியது. டாக்டர் மீன் நோய்கள் பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கி, நாற்பது பக்கம் படித்து முடித்திருந்தார்.

“கேளு அக்கா. கிருமி தோலுக்கு அடியில பதுங்கியிருக்கும். அப்போ மருந்து படாது. முத்தினதும் உதிர்ந்து, அடியில கூடு கட்டி, ஒண்ணு ஆயிரமாகும். ஆயிரமும் நீந்தி வரும். அப்போதான் அடிக்கணும். சூடு வச்சா சீக்கிரம் முத்தும்.”

“முத்தவிட்டு அடிக்கறதா? இதென்ன வைத்தியமோ!”

தொட்டிக்குள் வெந்நீர்க் குழல் இறங்கியது. முப்பது டிகிரி. மறுநாள் காலையில் சின்னவனின் புள்ளிகள் இரட்டிப்பாகியிருந்தன.

“அதிகமாயிடுச்சேடா!”

“அதிகமானா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“குறைஞ்சா?”

“அதுக்கும் அதே அர்த்தம்தான்.”

அதோடு போகவில்லை. இதுவரை சாதுவாக இருந்த சின்னவன் பெரியவனைத் துரத்த ஆரம்பித்தான். மூலைக்கு மூலை ஓட்டி, வயிற்றில் முட்டினான். “அண்ணன்காரனை இப்படியா அடிப்பான்? நம்ம வீட்டுப் பழக்கம் இதுக்கும் வந்துடுச்சு” என்றார் அக்கா, தம்பியைப் பார்த்துக்கொண்டே.

“அரிப்பு தாங்காம உரசறான். பாதித் தண்ணியை மாத்துவோம். தினமும்.”

தினமும் மாற்றியவர் அக்கா. வாளி வாளியாகப் புதுத் தண்ணீர் விழ விழ, சின்னவனுக்கு வெறி கூடியது. தொட்டியிலிருந்து தெறித்த தண்ணீர் ஒரு பெரியவரின் மருத்துவச் சீட்டை நனைத்து, அடுத்த நாற்காலி அம்மாளின் மூக்குக்கண்ணாடியையும் நனைத்தது. இருவரும் ஒரே குடையில் எதிர்ப்பக்கம் போனார்கள். வெளியில் மழை இல்லை.

வியாழக்கிழமை டாக்டர் நீல மருந்தை எடுத்தார். தொட்டி முழுக்க மைக்கூடு மாதிரி ஆனது. அதைக் கலக்கிவிட்ட அக்காவின் இரண்டு கைகளும் முழங்கைவரை நீலம். சோப்பு, எலுமிச்சை, செங்கல் தூள் எதற்கும் மசியவில்லை.

அந்தக் கையோடு அவர் டோக்கன் கொடுத்தார். புதிதாக வந்த ஒருவர் டோக்கனைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், டோக்கனை வாங்காமல் பரிவோடு கேட்டார்:

“எத்தனை நாளா இருக்கும்மா இது?”

“காலையிலேர்ந்து.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“அவரால வந்ததுதான்!”

அதற்குப் பிறகு அவரைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில்தான் பார்க்க முடிந்தது. அவர் பின்னால் இன்னும் நாலு பேர்.

“பன்னிரண்டு நாற்காலியில ஒன்பது காலி” என்றார் அக்கா, கதவைச் சாத்திவிட்டு. “தோல் டாக்டர் வீட்டு மீனுக்கே புள்ளி, அக்காவுக்கு நீலம்னு கடைத்தெரு முழுக்கப் பேச்சு. பேசாம அந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கடையிலயே விட்டுடு.”

“விட்டா நான் கண்டுபிடிச்சது தப்புன்னு ஆயிடும். முப்பது வருஷம் அக்கா! எட்டடியில நான் சொன்னது ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா, நாளைக்குப் படர்தாமரையைக்கூட எவனும் என்னை நம்பிக் காட்ட மாட்டான்.”

வெள்ளிக்கிழமை, நோயாளிகள் உடை மாற்றும் மறைப்புத் திரையை இழுத்துத் தொட்டியைச் சுற்றி வைத்தார்கள். பார்வை மறைந்தது. சத்தம் மறையவில்லை. திரைக்குப் பின்னால் ‘சளக், சளக்’ என்று கேட்டது. “உள்ள யாரையோ குளிப்பாட்டறாங்க. ரொம்ப முத்தின கேஸ் போல” என்று இருந்த மூன்று பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை, மாற்றி மாற்றி நீலம் வெளுத்திருந்த தண்ணீரில், பெரியவனுக்கு வயிறு உப்பி, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

“அடிபட்டே வீங்கிட்டான்டா பாவம்.”

டாக்டர் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதல்முறையாக எட்டடியை விட்டு ஆறடிக்கு வந்தார். “பக்க விளைவு. இன்னும் ஒரே நாள்” என்றார்.

அந்த ஒரு நாளும் முடிந்து திங்கட்கிழமை காலை திரையை விலக்கிய அக்கா அலறினார். செடி, கண்ணாடி, வெந்நீர்க் குழல் எங்கு பார்த்தாலும் குண்டூசித் தலையளவு மணிகள், ஆயிரக்கணக்கில். பெரியவனின் வயிறு ஒரே இரவில் வற்றியிருந்தது. சின்னவன் அந்த மணிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தான்.

டாக்டர் ஓடி வந்தார். அவர் முகம் பிரகாசமானது.

“உதிர்ந்துடுச்சு! சொன்னேனா இல்லையா? கிருமி உதிர்ந்து கூடு கட்டியிருக்கு. புத்தகத்துல இருக்கற மாதிரியே! ஒவ்வொண்ணும் ஆயிரமாகறதுக்குள்ள அடிக்கணும். மீனை வாளியில எடு, தரை துடைக்கற வெளுப்புத் திரவத்தைக் கொண்டா.”

அண்ணனும் தம்பியும் வாளிக்குப் போனார்கள். டாக்டர் கையுறை மாட்டி, புட்டியின் மூடியைத் திருகினார். காத்திருந்த நோயாளிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். தன் வெற்றியை அவர்கள் பார்க்கட்டும் என்று டாக்டர் திரையை முழுக்க ஒதுக்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் மீன் பண்ணை அம்மாவும் மகனும் உள்ளே வந்தார்கள்.

“ஐயோ, ஊத்தாதீங்க!”

“டோக்கன் வாங்கிட்டீங்களா?” என்றார் அக்கா.

“போன வாரம் டோக்கன் வாங்கியும் பேச விடல. இன்னைக்கு வாங்காமலே பேசறேன். டாக்டர், புள்ளி எங்க இருக்கு சொல்லுங்க.”

“என்னம்மா கேள்வி! வெள்ளைப் புள்ளி நோய்னா உடம்பு முழுக்க…”

“கிட்ட வந்து பாருங்க.”

டாக்டர் வாளி மேல் குனிந்து, தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நோயாளியின் முகத்துக்கு அரையடியில் தன் முகத்தைக் கொண்டுபோனார். செவுள் மூடியில் புள்ளி. முன் துடுப்பின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளி. உடம்பில் ஒன்றுகூட இல்லை. வாலில் இல்லை.

“ஒட்டுண்ணின்னா, ஒரே தண்ணியில ஒரு வாரமா இருக்கற இன்னொண்ணுக்கு ஏன் ஒண்ணுகூட ஒட்டல?”

புட்டி டாக்டரின் கையில் அப்படியே நின்றது.

“அன்னைக்கே சொல்ல வந்தேன். கடைத்தெருவுல எல்லாம் கேள்விப்பட்டேன். நீங்க என்னடான்னா சூடு வச்சீங்க, தினம் புதுத் தண்ணி விட்டீங்க, பூஞ்சை பிடிக்காம நீல மருந்து வேற. ஜோடி சேர்க்க நாங்க பண்ணையில செய்யற அத்தனையும் ஒண்ணு விடாம செஞ்சிருக்கீங்க.”

“ஜோடியா?” என்றார் அக்கா. நீலக் கை தானாக வாயைப் பொத்தியது. “அப்போ இந்தப் புள்ளி?”

அந்த அம்மா மகனின் முகத்திலிருந்த கைக்குட்டையை இழுத்து எடுத்து, அந்தப் பருக்களை டாக்டர் பக்கம் திருப்பினார்.

“இதுக்கு நீங்க சொன்னதேதான் டாக்டர் அதுக்கும். வியாதி இல்ல, வயசு. உங்க பெரியவன் அவன் சம்சாரம், நீங்க வெளுக்கப் போறது அவங்க பிள்ளைங்க!”