எங்கள் சந்தில் நடந்த ராத்தங்கல் விழா

தெரியாத சொல் காதில் விழுந்தால் அதற்கு அர்த்தம் கேட்க எனக்குக் கூச்சம். தலையை ஆட்டிவிடுவேன். அப்படி ஒருமுறை ஆட்டியதில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவன் நான். (தமிழ் பேசுவேன், அதில் பாதி இந்தி.) நிச்சயமான மறுமாதம் திருநெல்வேலியிலிருந்து வருங்கால மாமனார் போன் செய்தார். காட்கோபரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாம், ஐந்து பேர் வருகிறார்களாம். "வெள்ளிக்கிழம ராத்தங்கல் ஒங்க வீட்லதான் மாப்ள" என்றார்.

"ஜமாய்ச்சிடலாம் மாமா" என்றேன்.

அப்பாவும் அம்மாவும் அக்காவின் பிரசவத்துக்காக முலுண்டில் இருந்தார்கள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். (தனியாகச் சாதித்துக் காட்டும் ஆசை.) எதிர்வீட்டு நண்பன் கணேசனைக் கேட்டேன். தமிழில் அவன் என்னைவிட மோசம். நலங்கு மாதிரி ஏதோ பெண் வீட்டுச் சடங்கு என்று அடித்துச் சொன்னான். மாப்பிள்ளை மாலையோடு உட்கார வேண்டும் என்பதையும் அவனே சேர்த்துக்கொண்டான்.

சடங்கு என்று மட்டும் சொல்லி நாற்பது பேரை அழைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பத்துக்குப் பத்து அறையிலிருந்த கட்டில் சந்துக்குப் போயிருந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம். நடுவில் மணை போட்டு, மாலையோடு நான்.

ஒன்றரை நாள் ரயிலில் வந்த களைப்போடு ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள். நான் எழுந்து கும்பிட்டு, "ராத்தங்கல ஆரம்பிச்சிடலாமா மாமா?" என்றேன்.

மாமனார் கூட்டத்தை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆரம்பிக்கலாம் மாப்ள. இத்தன பேருமா இங்கன படுக்கப் போறாவ?"

பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்காதான் முதலில் சிரித்தார். "ராத்திரி தங்கிட்டுப் போறதுதான் தம்பி ராத்தங்கல்" என்றார். மாலையைக் கழற்றவும் எனக்குக் கை எழவில்லை. பெண்களை அவர் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். ஆண்களைக் கணேசனின் அம்மா கூட்டிப்போனார்.

காலையில் அவர்கள் முகத்தில் விழிக்கப் பயந்து குழாயடியில் பதுங்கியிருந்தேன். சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தேன். என்னைத் தேடி வந்த மாமியார், "தமிழ் தெரியாட்டா கெடக்கு. கூப்ட்ட ஒடனே நாப்பது பேரு வந்து நிக்காவள்ளா? அந்த வீட்டுக்குப் பொண்ணக் குடுக்கலாம்" என்றார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. இன்றும் மாமனார் வீட்டுக்குப் போனால், எனக்குப் பாய் விரிக்கும்போது மச்சினன் ஒரு மாலையோடு வந்து நிற்கிறான். நானும் பேசாமல் கழுத்தை நீட்டிவிடுகிறேன்.