கேப்டன் எங்கே போவார்?

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊர் அதை உடம்புக் கோளாறாக எடுத்துக்கொள்வதில்லை. குணக்கேடு என்றே எடுத்துக்கொள்ளும். தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருக்கும் சவரிமுத்துவின் ஒரே மகன் நான். படகு கரையில் கட்டிக் கிடக்கும்போதே எனக்குத் தலை சுற்றும். ஒரே ஒரு தடவை அய்யா என்னை வலுக்கட்டாயமாகக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். (எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.) அன்று நான் எடுத்த வாந்தியைப் பற்றி அந்தப் படகில் வேலை பார்த்தவர்கள் இன்னும் ஒருவித மரியாதையோடு பேசுகிறார்கள்.

அதனால் டிப்ளமோ சிவில் படித்து, ராமநாதபுரத்தில் ஓர் இன்ஜினியரிடம் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். கடலும் இல்லை, அலையும் இல்லை, ஃபேனுக்கு அடியில் நாற்காலி. அந்தச் சொர்க்கத்தை இன்ஜினியரே கெடுத்தார். மகளோடு இருக்கப் போகிறேன் என்று அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வெளிநாடு கிளம்பிவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிய நேரம் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் பருவம் என்பதால் விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. அதாவது, அய்யா முழுநேரமும் வீட்டில் இருந்தார்.

"ஏலே, தடை முடியுற வரைக்கும் பாரு. அதுக்குள்ள வேலை கெடைச்சா போ. கெடைக்கலன்னா நம்ம போட்டுல ஏறிரு. வெளியாளுக்குக் குடுக்குற பங்கு நம்ம வீட்டுக்கே வரட்டும்" என்றார்.

அய்யா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கோயம்புத்தூரில் மேசை விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்தேன். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. அவர்கள் கதை நடப்பது ஒரு விண்கப்பலில். கப்பலுக்குள் யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிய, கட்டம் போட்ட தளவரைபடம் வேண்டும். அதை வரைய ஆள் தேவை, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று போட்டிருந்தது.

விண்ணப்பித்தேன். கம்பெனியை நடத்தும் நிவேதிதா மேடம் போனில் பேசினார். "பயணிகளும் சிப்பந்திகளுமா நாப்பது பேருங்க. ஆறு மாசப் பயணம். மூணு தளம். வரைஞ்சு குடுங்க. எங்க டீம் அதுல விளையாடிப் பார்க்கும். நல்லா வந்தா நீங்கதான் எங்க ஆளு."

சரிங்க மேடம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. விண்கப்பலைச் சினிமாவில்கூட நான் முழுசாகப் பார்த்தது கிடையாது. (தூங்கிவிடுவேன்.) எனக்குத் தெரிந்த ஒரே கப்பல் அய்யாவின் படகுதான். சரி, அதையே அளந்து பெரிதாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. இன்று நினைத்தாலும் என்னைப் பிடித்து நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

படகுகள் கட்டும் ஜெட்டிக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் கரையிலேயே நிற்க, மறுமுனையோடு அய்யா படகுக்குள் நடந்தார். சும்மா நடக்கவில்லை. தடைக்காலத்தில் வேலையில்லாமல் காய்ந்து கிடந்த மனிதருக்கு என் விண்கப்பல் அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"ஐஸ் அறை எங்க வைக்கப்போற?"

"வானத்துல எதுக்குய்யா ஐஸு?"

"ஏலே, நாப்பது பேரு ஆறு மாசம் போறான். திங்க வேணாமா? மீனு கெட்டுப்போவாதா? நடுவுல வையி. அப்பத்தான் கப்பல் ஆடாது. அங்கன வலைக்கு ஒரு அறை."

"வலை எதுக்கு?"

"போற வழியில ஏதாச்சும் மாட்டும்லே."

கேபினில் மாதா படத்துக்கு ஒரு மாடமும் கேட்டார். மாதா இல்லாமல் எவனாவது கப்பலை எடுப்பானா என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லாவற்றையும் வரைந்தேன். பதற்றத்தில் இருப்பவனுக்கு யார் எதைச் சொன்னாலும் நல்ல யோசனையாகத்தான் தெரியும்.

இங்கே என் தொழில் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் வீட்டு பிளானில் கழிவறையைக் கடைசியில்தான் வரைவோம். எந்த மூலையில் வரலாம் என்று வீட்டுக்காரரும் மாமனாரும் வாஸ்து பார்ப்பவரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். அதுவரை நாங்கள் அதைத் தொடமாட்டோம். அவர்களாக வந்து "தம்பி, அந்த மூலையில போட்டுருங்க" என்று சொல்லும்போது போடுவோம். விண்கப்பல் விஷயத்தில் என்னிடம் வந்து சொல்ல மாமனார் யாரும் இல்லை.

வரைபடத்தை அனுப்பினேன். விளையாடிப் பார்க்கும் நாளும் வந்தது. வீடியோ அழைப்பு. நான் என் திரையைப் பகிர்ந்து, அவர்கள் சொல்கிறபடி வரைபடத்தில் கதாபாத்திரங்களை நகர்த்த வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். காலையிலிருந்து கேள்விகளை எனக்கு நானே கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். எஞ்சின் ஏன் பின்பக்கம்? ஏணியின் அகலம் ஏன் அவ்வளவு? கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து வைத்திருந்தேன். வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த அய்யாவிடம் போய், "அய்யா, கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க" என்று கெஞ்சினேன்.

"நான் எதுக்குலே பேசப்போறேன்" என்றார்.

விளையாட்டு ஆரம்பித்தது. கார்த்திக் என்ற பையன்தான் கேப்டன். பேச்சு, தோரணை எல்லாம் கேப்டன் மாதிரியே. மாதா மாடத்தைப் பார்த்துவிட்டு நிவேதிதா மேடம், "இது புதுசா இருக்குங்களே, நல்லாருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஐஸ் அறையில் ஒரு சண்டை நடந்தது. வலை அறையில் ஓர் எதிரி மாட்டிக்கொண்டான். (அய்யா சொன்னது பலித்துவிட்டது.) வேலை கிடைத்தே விட்டது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தபோது, கப்பலின் சமையல்காரன் கேப்டனுக்கு சூப் கொடுத்தான்.

கார்த்திக் பகடையை உருட்டினான். விழுந்த எண்ணைப் பார்த்து மேடம் சொன்னார். "சூப்புல ஏதோ கலந்திருக்குங்க. கேப்டனுக்கு வயிறு கலக்குது. உடனே ஓடணும்."

"ஓடறேனுங்க. பாத்ரூம் எங்கீங்க?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள். மேல் தளம் போனோம். இல்லை. நடுத் தளம். இல்லை. கீழ்த் தளத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினேன், எங்காவது ஒளிந்திருக்கும் என்கிற மாதிரி. நாற்பது பேர், ஆறு மாசம், கப்பலில் ஒரு கழிவறைகூட இல்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"என்னங்க, கேப்டனுக்குத் தாங்காதுங்க" என்றான் கார்த்திக்.

"இருக்குங்க... கீழ்த் தளத்துல... ஒரு நிமிஷம்" என்று உளறிக்கொண்டே நான் செய்த காரியம் இருக்கிறதே, அதை என் எதிரிகூடச் செய்திருக்கமாட்டான். ஐஸ் அறையின் பெயரை அவசர அவசரமாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'கழிவறை' என்று தட்டினேன். என் திரையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. ஒவ்வோர் எழுத்தாக அழிவதையும் ஒவ்வோர் எழுத்தாக முளைப்பதையும் கோயம்புத்தூரே பார்த்தது.

வாசலிலிருந்து அய்யாவும் எட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் வாயை அடக்கிக்கொண்டிருந்தவருக்கு இதற்குமேல் அடக்கமுடியவில்லை.

"ஏலே, ஐஸ் அறையில எவனாச்சும் அதைப் போவானா? திங்குற மீனுலே! போட்டுல ஏதுடா கக்கூஸு? பின்பக்கம் போயி, கயித்தைப் பிடிச்சிக்கிட்டு உக்கார வேண்டியதுதான!"

"யாருங்க அது?" என்றார் மேடம்.

"எங்க அய்யாங்க மேடம்."

அழைப்பைத் துண்டித்திருக்கலாம். கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. அதற்குள் அய்யா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து கேமராவுக்கு முன்னால் நின்றுவிட்டார். "வணக்கம்மா. இவனுக்கு ஒண்ணும் தெரியாது, இவன் போட்டுல ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கான். நான் சொல்றேன் பாருங்க" என்று, இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, முட்டியை மடக்கி, பின்பக்கமாகச் சாய்ந்து, எப்படி உட்கார வேண்டும் என்று செய்தே காட்டினார். அலை அடிப்பதையும் சேர்த்து. அடுப்படியிலிருந்து அம்மா, "ஐயோ, மானத்தை வாங்குறாரே" என்று தலையில் அடித்துக்கொண்டது மைக்கில் துல்லியமாகக் கேட்டது.

கார்த்திக் நல்ல விளையாட்டுக்காரன். "சரிங்க. கேப்டன் பின்கதவைத் திறக்கறாருங்க. கயித்தைப் பிடிக்கறாரு" என்று பகடையை உருட்டினான்.

மேடம் எண்ணைப் பார்த்தார். "வெளிய காத்தே இல்லீங்களே. கேப்டன் போயிட்டாருங்க."

"கயித்தை விட்டுருப்பான்" என்றார் அய்யா, வருத்தத்தோடு.

அங்கே யாரோ இருமுவது மாதிரி சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "நாங்க பேசிட்டுச் சொல்றோங்க" என்று அழைப்பை முடித்துக்கொண்டார்.

அதன் பிறகு போன் வரவில்லை. தடைக்காலம் முடிய நெருங்கிவிட்டது. ஜெட்டியில் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை வாசனை வீடு வரைக்கும் வந்தது. அய்யா எனக்கென்று புது மழைக்கோட்டு ஒன்று வாங்கிவந்து கொடியில் மாட்டினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டியது. அய்யாமேல் கோபம் கோபமாக வந்தது. என்மேல் அதைவிட அதிகமாக வந்தது. ராத்திரி படுத்தால் கேப்டன் வந்து "எங்கீங்க?" என்று கேட்டார்.

அம்மாதான் ஒருநாள் அய்யாவிடம் பொரிந்து தள்ளினார். "புள்ளை சாப்பிட்டு எத்தனை நாளாச்சு? நீங்க வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா அவனுக்கு வேலை கெடைச்சிருக்கும்ல?"

அய்யா வலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

படகு கிளம்ப ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த நாளில் போன் வந்தது. ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் மழைக்கோட்டு.

"ஸாரிங்க, லேட்டாயிடுச்சு. உங்க கப்பலைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுங்க" என்றார் மேடம். "நாங்க இதுவரைக்கும் வெளியிட்ட எல்லாக் கப்பலையும் எடுத்துப் பார்த்தோம். பெரிய பெரிய ஆர்ட்டிஸ்டுங்க வரைஞ்சதுங்க. ஒண்ணுலயும் பாத்ரூம் இல்லீங்க! ஆயுத அறை இருக்குது, நீச்சல் குளம்கூட இருக்குது. இத்தனை வருஷமா யாருமே கவனிக்கலீங்க. அத்தனைக்கும் புதுப் பதிப்பு போடறோம். முதல் வேலையா நீங்க எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு வெச்சுக் குடுத்துருங்க. அப்புறம் புதுக் கப்பலுக்குப் போலாம்."

என் வாயிலிருந்து வந்தது நன்றியா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. படகிலிருந்து அய்யா கத்தினார். "என்னலே? வாரியா, இல்லையா?"

"வேலை கெடைச்சிருச்சுய்யா! எல்லாக் கப்பலுக்கும் கக்கூஸு வைக்கச் சொல்றாங்க!"

ஜெட்டி முழுக்கக் கேட்டது. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அய்யா பார்த்தவர்களிடமெல்லாம், "எம்மவன் வானத்துல போற கப்பலுக்கெல்லாம் கக்கூஸு கட்டுறான்" என்று பெருமையாகச் சொன்னார். அன்றே அதுவே என் பட்டப்பெயராகிவிட்டது. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, வந்து பார் தம்பி என்று என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. பக்கத்து ஊரான மண்டபத்தில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் அய்யா அதே வரியைச் சொன்னார். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள் அறையிலிருந்து மட்டும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நிறுத்த முயன்று, முடியாமல், மறுபடியும் வெடித்த சிரிப்பு.

சிரித்தவள்தான் இப்போது என் மனைவி. ஒவ்வொரு தடவையும் வரைபடத்தை அனுப்பும் முன் அடுப்படியிலிருந்தே, விருந்தாளிகள் இருந்தாலும் சரி, உரக்கக் கேட்பாள்.

"ஏங்க, வச்சாச்சா?"

வீடே சிரிக்கும். அய்யாவின் சத்தம்தான் அதில் பெரிதாக இருக்கும். "வச்சாச்சு, வச்சாச்சு" என்று நானும் கூடச் சிரிப்பேன். எல்லோரும் அந்தப் பக்கம் போனதும் வரைபடத்தைத் திறந்து, மூன்று தளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.