கழுத்து வலிக்கு ஒரு ஹெட்செட்

"ஹலோ, ஹலோ" என்று ஜம்பு மூன்றாவது தடவையாகக் கத்தினார். தலையில் மாட்டியிருந்த புது ஹெட்செட்டில் ஒரு சத்தமும் இல்லை.

டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அவர் செக்‌ஷன் ஆபீசர். கழுத்து வலி என்று சர்டிபிகேட் கொடுத்து, நாலு மாதம் நோட் மேல் நோட் போட்டு வாங்கிய ஹெட்செட் அது. வலியாவது ஒன்றாவது. டைரக்டர் ஒன்று வைத்திருந்தார், அதைப் பார்த்து வந்த வியாதி. அதன் யு.எஸ்.பி. வயரை மேஜை போனில் சொருகியவர், மணியடித்ததும் முப்பது வருஷப் பழக்கத்தில் ரிசீவரைத் தூக்கி ஃபைல்கள் மேல் வைத்துவிட்டு, வாய்க்கு முன்னால் இருந்த மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்கிரீனில் பட்டாபி வீட்டு நம்பர். செல்போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிற ஆபீஸ் என்பதால் இந்தப் போன்தான் கதி. வேறொரு மத்திய அரசு ஆபீசில் இருக்கும் பட்டாபிக்கு லக்ஷ்மிபாய் நகரில் கீழ்த்தள குவார்ட்டர்ஸ். ஜம்புவின் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிக்குக் கீழே மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்கால் தேய்ந்து போயிற்று. இருவரும் வீட்டை மாற்றிக்கொள்ள ஒரு மனு தயார் செய்து, ஜம்பு கையெழுத்தும் போட்டாயிற்று. பட்டாபி போடுவாரா மாட்டாரா என்பது இன்று தெரிய வேண்டும்.

"சார், ரிசீவரத் தூக்கப்பிடாது. போன்ல இருக்க ஹெட்செட் பட்டனை அமுக்கணும்" என்றாள் எதிர் மேஜை ரூபி. அந்த செக்‌ஷனில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான்.

"எனக்குத் தெரியும்மா. நீ உன் டைப்பிங்கைப் பாரு."

வயரைப் பிடுங்கிச் சொருகினார். வால்யூமை ஏற்றினார். கடைசியில் வயரில் இருந்த மைக் பட்டனை அமுக்க, சிவப்பு விளக்கு எரிந்தது.

"ம்யூட் பண்ணிட்டேன். இனிமே நாம பேசறது அவனுக்குக் கேக்காது" என்று சாய்ந்து உட்கார்ந்தார் அறிவாளி.

"கட் பண்ணிட்டு நீங்களே கூப்பிடலாம்லா?"

"நான் பறக்கறேன்னு தெரிஞ்சுடும். அவன் ஒரு மண்டு, ரூபி. மழை பேஞ்சா என் பெட்ரூம் பூரா ஒழுகறது. ஏழு பக்கெட் வெக்கறேன். அவன் வீடு பாக்க வந்தன்னிக்குக் கறை மேல சுண்ணாம்பு அடிச்சு காலண்டரை மாட்டி வெச்சேன். நல்ல காலண்டர்னு சொல்லிட்டுப் போறான் அசடு."

ஃபைல் எடுக்க எழுந்த ரூபி அப்படியே நின்றாள்.

"சார், ரிசீவர் வெளிய கெடக்கே. நீங்க பேசுனது பூரா அதுல போயிருக்குமே."

ஜம்பு பாய்ந்து ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினார். ரூபி வந்து ஹெட்செட் பட்டனை அமுக்கி, சிவப்பு விளக்கை அணைத்து, ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாள். ஹெட்செட் முதன்முறையாக வேலை செய்தது. இரண்டு காதிலும் ஒரு பெண் குரல், சுத்தமாக.

"மாமா, நான் பட்டாபி ஆத்துக்காரி மீனாக்ஷி. எல்லாத்தையும் கேட்டேன்."

"இல்லேம்மா, அது வந்து..."

"அச்சா, விடுங்கோ. அவர் கார்த்தாலயே கையெழுத்துப் போட்டு மனுவைக் குடுத்துட்டார். இனிமே யாரும் வாபஸ் வாங்க முடியாதாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஜம்பு ரூபியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எவ்வளவு திட்டினாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற ஜன்மங்கள்.

"உங்களை ஏமாத்தறோமேன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லை, இப்பதான் மனசு லேசாச்சு" என்றாள் மீனாக்ஷி. "வரும்போது அந்த ஏழு பக்கெட்டையும் எடுத்துண்டு வாங்கோ மாமா, மழை பேஞ்சா இங்க கூடத்துல சாக்கடைத் தண்ணி முழங்கால் வரைக்கும் நிக்கும்."