அரை இஞ்சு மாமாவும் லீவில் வந்த ஜவான்களும்

2010 மே 23, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணி. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்று ஆரன் அடித்தது. ஓட்டி வந்தவர் அரை இஞ்சு மாமா. எல்லைக்கு அப்பால் நிற்கும் பகைவர்கள் அனைவரும் சேர்ந்து நம் படைவீரர்களைக் களைப்படையச் செய்ததைக் காட்டிலும், கடலூருக்கு விடுமுறையில் வந்தவர்களை இவர் ஒருவரே அதிகமாகக் களைப்படையச் செய்தார் என்பது என் துணிபு.

அவருடைய இயற்பெயர் வாக்காளர் அட்டைக்கு மட்டுமே தெரியும். இளவயதில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் முதலாவதாக வந்தாராம். பிறகு மார்பை அளந்திருக்கிறார்கள். மூச்சை இழுத்து விரித்தபோது, இருக்க வேண்டியதற்கு அரை அங்குலம் குறைந்தது. அனுப்பிவிட்டார்கள். "மூச்சு இருந்துச்சும்மா. டேப்புதான் சரியில்ல" என்பது அவர் தரப்பு. தெரு அந்த அரை அங்குலத்தையே பெயராகச் சூட்டியது. அவரும் அதை ஒரு பதவியைப் போல ஏற்றுக்கொண்டார். யாருடனாவது வாக்குவாதம் வந்தால் முதலில் மார்பை விரித்துக் காட்டுவார். மூச்சை விட்ட பிறகுதான் சொல் வரும் என்பதால், எதிராளி அதற்குள் பேசி முடித்துவிட்டுப் போயிருப்பார்.

பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் அவருடைய வேன் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். மே மாதம் பிறந்துவிட்டால் அது ஜவான்களுக்கு உரியது. பேருந்து நிலையத்தில் வேட்டையாடுவார். ஒட்ட வெட்டிய தலைமுடியும் பச்சை டிரங்குப் பெட்டியும் ஒருசேரக் கண்ணில் பட்டால் போதும். பெட்டி வேனில் ஏறியிருக்கும், பெட்டிக்குப் பின்னால் ஜவானும் ஓடிவருவார். தேவனாம்பட்டினம் கடற்கரை, அங்கிருக்கும் வெள்ளைக்காரன் கோட்டை, கெடிலம் படகுத்துறை, சிதம்பரம், பிச்சாவரம் என்று எல்லாவற்றையும் காட்டி முடிக்காமல் வீட்டில் இறக்கிவிடமாட்டார். பனிமலையிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்த ஒருவர், தம் தாயாரைப் பார்ப்பதற்கு முன்பு கோட்டை மதிலைப் பார்த்தார். இன்னொருவர் முன்யோசனையாகத் தலையை முழுவதும் மழித்துச் சந்தனம் பூசிக்கொண்டு, திருப்பதிக்குப் போய் வருவதாகச் சொல்லித் தப்பினார். அந்த உத்தி ஓர் ஆண்டுதான் பலித்தது. அடுத்த ஆண்டு மொட்டைத் தலையர்கள் அனைவரையும் மாமா விசாரிக்கத் தொடங்கினார். உண்மையாகவே திருப்பதிக்குப் போய்வந்த பலகாரக் கடைக்காரர் ஒருவர் பிச்சாவரம் வரை போய்வர நேர்ந்தது.

ஜவான்கள் மிலிட்டரி ஓட்டலில்தான் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். ஒருமுறை நம்மூர் வீரர் ஒருவருடன் கடல் பார்க்க வந்த ராஜஸ்தான்காரர், பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, தம் படை இவ்வளவு தூரத்திலும் உணவகம் நடத்துகிறதே என்று நெகிழ்ந்து உள்ளே போனார். பிறவியிலேயே சைவம். இலையில் ஆட்டுக்கால் வந்து விழுந்ததும் அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து மாமா வியந்தார். "இன்னா சுறுசுறுப்பு பாரு. நம்ம பயலுவ எவனாவது பந்தியில இருந்து இப்டி எந்திரிப்பானா?"

அப்படிப்பட்டவருடைய வேனில் நாங்கள் ஏன் ஏறினோம் என்று சொல்ல வேண்டும்.

என் அக்கா ஸ்டெல்லா அரசு மருத்துவமனையில் செவிலியர். முதுநகரிலிருந்து ஆரோக்கியம் என்ற ராணுவ வீரரின் குடும்பம் அவளைப் பெண் பார்க்க வந்தது. அவருடைய தாயார் எல்லாம் பேசினார். மருமகள் வேலையை விட்டுவிட்டுத் தம்முடன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் பேசினார். ஆரோக்கியம் மிக்சர்த் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அவர் வாயால் கேட்காமல் சம்மதம் சொல்ல முடியாது என்றாள் அக்கா. கைப்பேசியில் கேட்கலாம்தான், ஆனால் அந்த எண்ணை அழைத்தால் எப்போதும் தாயாரே எடுத்தார். திங்கட்கிழமை விடியலில் ஆரோக்கியம் படைக்குத் திரும்ப வேண்டும். சரி என்றால், ஞாயிறு மாலைப் பூசைக்குப் பிறகு அப்பா பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க ஏற்பாடு செய்வார். இல்லையென்றால் அத்தோடு முடிந்தது.

இருவரும் தனியே பேசுவதற்கு அப்பா ஒப்பவில்லை. அரை இஞ்சுவின் வேனில், துணைக்கு நானும் போவதென்றால் ஒப்பினார்.

"அந்த ஆளு கூடப் போனா தப்பா ஒரு வார்த்த பேச முடியாது" என்றார் அம்மாவிடம்.

அப்பா சொன்னது சரி. சரியாக ஒரு வார்த்தை பேசவும் முடியாது என்பதை அவர் சொல்லவில்லை.

ஆரோக்கியம் விடியுமுன்னரே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். ஏறும்போதே தொடங்கியது. "ஜவான் முன்னால, சிவிலியன் பின்னால" என்று ஆணையிட்டு, ஆரோக்கியத்தைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார் மாமா. அக்காவும் நானும் பள்ளிப் பிள்ளைகளுக்காக அடித்திருந்த குட்டைப் பலகையில், முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தோம். சிதம்பரம் வரையில் அக்கா பார்த்தது ஆரோக்கியத்தின் பின்கழுத்தை மட்டுமே.

"பின்கழுத்து நல்லாத்தான்டீ இருக்கு" என்றாள் என் காதில். "வாய் இருக்கான்னுதான் தெரியணும்."

சிதம்பரத்தில் கோபுர வாயிலின் இருபுறமும் செதுக்கியிருக்கும் நடனச் சிற்பங்களுக்கு முன்னால் மாமா எங்களை வரிசையாக நிறுத்தினார். "எல்லாரும் இத டான்ஸுன்னு சொல்லிக்கினு இருக்காங்க. தப்பு. இது டிரில்லு. பாரு தம்பி, இது சாவ்தான், நிமிந்து நிக்கிறது. அது விஸ்ராம், ரெஸ்டுல நிக்கிறது. அந்தக் காலத்துலயே பொம்பளைங்களுக்குப் பட்டாளம் இருந்துருக்கு." மைதானத்தில் என்சிசி மாணவர்கள் பயிற்சி செய்வதை வேலியோரமாக நின்று பார்த்துப் பார்த்தே இந்திக் கட்டளைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஒரு கால் தலைக்கு மேல் போயிருந்த சிற்பத்தைக் காட்டி, இது எந்தக் கட்டளை என்று அக்கா கேட்டாள். மாமா சற்று யோசித்தார்.

"அது புதுசா சேந்தவங்கம்மா. இன்னும் பழகல."

ஆரோக்கியம் சிரித்தார். வாய் இருப்பது உறுதியாயிற்று.

பிச்சாவரத்தில் படகில் அவர்கள் எதிரெதிரே உட்கார்வார்கள் என்று நம்பியிருந்தேன். பாரம் சமமாக இருக்க வேண்டும் என்று மாமா நடுவில் உட்கார்ந்தார். உயிர்காப்பு அங்கி வேறு அணிந்திருந்ததால், அக்காவுக்கும் ஆரோக்கியத்துக்கும் இடையில் ஓர் ஆரஞ்சு நிறச் சுவர் எழும்பியது. அலையாத்தி வேர்கள் தலையைத் தட்டும் ஒடுங்கிய வாய்க்காலுக்குள் படகு நுழைந்தது; நிழலும் அமைதியும் கூடிய அந்த இடத்தில் ஆரோக்கியம் தொண்டையைச் செருமினார். "ஸ்டெல்லா, நீங்க..." என்றார்.

"குனி" என்று கத்தினார் மாமா. அனைவரும் குனிந்தோம். நிமிர்ந்தபோது அவர், எதிரிக் கப்பல் வந்தால் இந்தக் காட்டுக்குள் எத்தனை பட்டாலியனை ஒளித்துவைக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மதியம் மிலிட்டரி ஓட்டல். ஆண்கள் ஒரு மேசை, பெண்கள் ஒரு மேசை.

கத்திரி வெயில் வேனின் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருக்க, நான்கு மணிவாக்கில் கடலூர் திரும்பித் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இறங்கினோம். கடைசி இடம். அக்காவும் ஆரோக்கியமும் ஒருவழியாக மணலில் அருகருகே அமர்ந்தார்கள். மாமா நேராக அவர்களுக்கு எதிரில் போய் நின்று, கடலை மறைத்துக்கொண்டு, கோட்டைப் பீரங்கியின் வரலாற்றைத் தொடங்கினார்.

"வெள்ளக்காரன் சுட்டான். குண்டு எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும் அவன் ஊருன்னு பேச்சு. குண்டு நேரா வந்து எங்க தாத்தா வூட்டு மாட்டுக்கொட்டாயில..."

அக்கா எழுந்தாள். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாடீ போலாம். அப்பாகிட்ட வேணாம்னு சொல்லிடுறேன்."

"இன்னும் நேரம் இருக்கே."

"காலையில இருந்து இருந்துச்சு. இந்த மாமாவையே ஒரு வார்த்த சொல்லி நிறுத்த முடியல. அவுங்க அம்மாகிட்ட எனக்காக இன்னா பேசிடப் போறாரு?"

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. ஆரோக்கியம் எழுந்து நின்றார். அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து, கடற்கரை முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் புறப்பட்டது.

"சாவ்தான்."

சுண்டல்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். மாமாவின் குண்டு மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. அவர் குதிகால்கள் சேர்ந்தன, கைகள் பக்கவாட்டில் இறங்கின, பார்வை தொலைவுக்குப் போனது.

"பீச்சே முட்."

கடற்கரையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்றே நான் எண்ணினேன். பின்னால் திரும்பு என்று பொருளாம். மாமா மணலில் ஒரு காலை ஊன்றிச் சுழன்று, மற்றக் காலை உயர்த்தி அறைந்து, எங்களுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நின்றார். அந்தத் திருப்பத்தில் ஒரு பிசிறு இல்லை.

"விஸ்ராம்."

கால்கள் அகன்றன. கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டன. அதன்பின் அவர் அசையவில்லை.

ஆரோக்கியம் அக்காவிடம் வந்தார். உரத்த குரல் தீர்ந்துபோய், பழைய முணுமுணுப்பு மீண்டிருந்தது.

"உக்காருங்க. சொல்லுங்க."

"நான் வேலைய விட மாட்டேன்."

"யாரு விடச் சொன்னது?"

"உங்க அம்மா."

"அவுங்க என்னையுந்தான் வேலைய விடச் சொல்றாங்க. ஒவ்வொரு லீவுலயும் சொல்றாங்க. விட்டனா?"

"அன்னிக்கு இத சொல்லியிருக்கலாமில்ல?"

"மிக்சர் வாயில இருந்துச்சு."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போனேன். துணைக்குப் போனவள் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று அப்பா வரையறுக்கவில்லை.

அவர்கள் பேசினார்கள். வெயில் சாயும் வரையில் பேசினார்கள். மாமா நின்றார். ஒரு நாய் வந்து அவர் காலடியில் படுத்து உறங்கி எழுந்து போனது. பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அவருக்கு இருபுறமும் நின்று படம் எடுத்துக்கொண்டது. சுண்டல்காரர் என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, அரை இஞ்சுக்கு இன்னா ஆச்சு?"

"ரெஸ்ட்டுல இருக்காருங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. எனக்கே அது விந்தையாகத்தான் இருந்தது. லீவில் வருகிறவனை வீடு நான்கு நாள் கொண்டாடும். ஐந்தாம் நாள் ரேஷன் கடைக்கு அனுப்பும். எந்த நாளிலும் அவனுக்கு எதையாவது காட்டியே தீருவேன் என்று நின்ற ஒரே மனிதர், அன்றுதான் தாமே கடலை இவ்வளவு நேரம் பார்த்திருப்பார். பின்னாலிருந்து அவர் கழுத்தில் வியர்வை வழிவது தெரிந்தது. ஒருமுறைகூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

மாலைப் பூசைக்கு முதல் மணி அடித்தபோது அக்கா ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. "எந்திரிடீ, பூசைக்கு நேரமாச்சு. அப்பாவப் புடிக்கணும்."

"மாமா, வாங்க போலாம்" என்று கூப்பிட்டார் ஆரோக்கியம்.

மாமா அசையவில்லை. ஆரோக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, முறைப்படி இரண்டு கட்டளைகள் கொடுத்தார். மாமா விறைத்தார், கலைந்தார், திரும்பி வந்தார். கால் மரத்துப்போய்த் தள்ளாடினார்.

"தம்பி, அந்தத் திரும்புனது... சரியா இருந்துச்சா?"

"எங்க செக்சன்ல பாதிப் பேரு இப்டித் திரும்ப மாட்டாங்க மாமா."

மாமா தலையை மட்டும் ஆட்டினார். வீடு வரும் வரையில் அவர் ஒரு கட்டடத்தையும் சுட்டிக்காட்டவில்லை. ஒரு தெருவின் வரலாற்றையும் சொல்லவில்லை. அன்று மாலை அப்பா சாமியாரிடம் பேசினார்.

மறுநாள் காலை ஆரோக்கியம் ஏறிய பேருந்து போன பிறகு, நான் கோலமாவு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். மாமா தம் வீட்டு வாசலில் வேனைக் கழுவி முடித்துவிட்டு, கழுவிய கதவையே மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் குடியேறிய நாள்முதல் நானாக அவரிடம் பேசியதில்லை.

"எங்கயும் போகலையா மாமா?"

"எங்க போறது பாப்பா? லீவுல வந்தவங்க எல்லாம் கெளம்பிட்டாங்க. யாருக்குக் காட்டுறது?"

"எனக்கும் லீவுதான் மாமா" என்றேன்.

அவர் துணியைப் பிழிந்து கண்ணாடியின் மேல் போட்டார். மூச்சை நன்றாக இழுத்தார், விடும்வரை காத்திருந்தேன்.

"திருவதிகைக் கோயிலு பாத்துருக்கியா?"

கல்லூரிப் பாடத்துக்காகவும் பாடத்துக்கு வெளியிலும் அந்தக் கோயிலுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன்.

"இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.