எட்டிலக்கம் அண்ணனும் என் பதினேழும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே எண்களை உயிராக நேசிக்கும் ஒரே ஆள் எட்டிலக்கம் அண்ணன்தான். எண்களைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன்.

தியாகதுருகம் சாலையில் ஒரு எடைமேடையில் அவருக்கு வேலை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி இறங்கினால் எடை பார்த்துச் சீட்டு கொடுப்பார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண் என்றால் அவருக்கு உயிர். விதியைப் பாருங்கள்: "இந்த மெஷினு பத்து பத்தாதான் காட்டும் சார். இருவது வருசமா பாத்துக்கினு கீறேன், ஒரு பகா எண்ணு வந்ததில்ல. எல்லாம் சைபர்லயே முடியுது!"

அந்த ஏக்கத்தில்தான் 73939133 என்ற எட்டிலக்கப் பகா எண்ணைப் பிடித்துக்கொண்டார். ஹெல்மெட்டில், டீக்கடைச் சுவரில், சீட்டின் பின்பக்கத்தில் எங்கும் அதுதான். ஒரு டிரைவர் சீட்டைத் திருப்பிப் பார்த்து அலறிவிட்டார். "இன்னாண்ணே, ஏழு கோடி கிலோவா? என் வண்டி இன்னாத்துக்கு ஆவும்?"

நான் அப்போது எதிரிலிருந்த டியூஷன் சென்டரில் புதிய கணக்கு வாத்தியார். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று ஓனர் சொல்லியிருந்தார். "இத எதாலயாச்சும் வகுத்துக் காட்டுங்க சார்" என்றார் அண்ணன். எம்.எஸ்ஸி. படித்த திமிர் சும்மா இருக்குமா? "நாளைக்குக் கிளாஸுக்கு வாங்க, உங்க கண்ணு முன்னாடியே உடைக்கிறேன்" என்றேன்.

மறுநாள் வாசலில் ஓனர், கடைசி பெஞ்சில் அண்ணன். பலகை நிறைய வகுத்தேன். பதினேழால் மீதியில்லாமல் போனது! விடையைச் சுற்றி வட்டமெல்லாம் போட்டுவிட்டேன். முதல் பெஞ்சுப் பெண் கைபேசியைத் தட்டிவிட்டு, "சார், மீதி பதிமூணு வருது" என்றாள். ஓனர் முகம் மாறியது. வேலை போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன்.

அண்ணன் எழுந்தார். "ஓனர் சார், அது தப்புன்னு வாத்தியாருக்கு நேத்தே தெரியுங்க. புள்ளைங்க சரிபாக்குதான்னு சோதிக்கிறாரு." கூசாமல் பொய் சொல்லிவிட்டு டஸ்டரை எடுத்தார். கடைசி 3 போனது. "7393913. இதுவும் பகா எண்ணுதான்." மறுபடி ஒன்று அழித்தார். "739391. இதுவும்தான்." அழிக்க அழிக்க, மிச்சம் நின்றதெல்லாம் பகா எண். கடைசியில் 7 மட்டும் நின்றது. "இப்படி வலப்பக்கத்துலேர்ந்து ஒண்ணொண்ணா அழிச்சிக்கினே வந்தாலும் பகா எண்ணாவே நிக்கிற எண்ணுல அந்த எட்டிலக்கந்தான் பெருசு. இதுக்கு மேல கெடையாது."

பிள்ளைகள் கைதட்டினார்கள். "நல்ல டெக்னிக் சார்" என்று ஓனர் என் கையைக் குலுக்கினார். வெட்கங்கெட்டு நானும் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "தோத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கலாமேண்ணே?"

"இன்னா சார், கடைசி இலக்கம் ஒண்ணுதான போச்சு? மிச்சம் நல்லாத்தான கீது. போய்ப் பாடத்த நடத்துங்க."

வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு தலைமுடி, பிஎச்.டி. கனவு, பாதித் திமிர் என்று எனக்கு எத்தனையோ இலக்கங்கள் போய்விட்டன. ஒவ்வொன்று போகும்போதும் எடைமேடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். டீ சொல்லிவிட்டு, "மிச்சம் நல்லாத்தான் கீது சார்" என்கிறார். அந்த மனுஷன் சொன்னால் எனக்கு நம்பத் தோன்றுகிறது.