நாரைகளைக் கொண்டுவந்தது யார்?

நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கடப்பாரையும் கூடையுமாக பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்தேன். இன்றைக்கு மூன்று ஜேசிபி, இரண்டு டிப்பர், மாடி வீடு. வைட்ஃபீல்டில் பாதி அபார்ட்மென்டுக்கு அஸ்திவாரக் குழி என் கைவேலை. இதையெல்லாம் பார்க்க ஒருத்தரும் வருவதில்லை. சைலன்ஸ் என்கிற பெரியவரைப் பார்க்கத்தான் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

பெங்களூரிலேயே பெரிய சத்தம் இந்த சைலன்ஸுடையதுதான். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வெடி வைத்தவர். காது பாதி போய்விட்டது. எங்கள் ஏரிக்கரையில் யாராவது தும்மினால் போதும், கொக்கு பறந்துவிடுமாம், "சைலன்ஸ்" என்று கத்துவார், அதுவே பேராகிவிட்டது. அந்தச் சத்தத்தில் கொக்கு என்ன, கரையில் கட்டின எருமையே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

ஏரியைத் தூர்வாரும் வேலை எனக்குக் கிடைத்தது. கிண்ணம் மாதிரி முழுசும் ஆழமாக வெட்டச் சொன்னார்கள். கிழக்குக் கரைக்கு மெஷின் வந்ததும், சைலன்ஸ் டிபன் டப்பாவோடு மண் அள்ளும் பக்கெட்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"பெரியவரே, இறங்குங்க. வேலை இருக்கு."

"இங்க லெவல் லெவலா, படி மாதிரி வெட்டுய்யா."

"ஏரிக்கு எதுக்கு லெவல்?"

"சுரங்கத்துல லெவலுக்கு ஒரு கேங். ஒருத்தன் லெவல்ல இன்னொருத்தன் கை வைக்க மாட்டான். இந்தப் பறவைங்களும் அப்படித்தான். உள்ளானுக்குச் சேறு நனைஞ்சா போதும். நெட்டைக்கால்காரன் அதுக்குக் கீழே. நாரை இன்னும் கீழே. நீ கிணறு வெட்டினா இதுங்கல்லாம் நீச்சல் கத்துக்கணுமா?"

சாப்பிட்டு இறங்குவார் என்று பார்த்தேன். சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

இன்ஜினியரிடம் சண்டை போட்டு அந்தப் பக்கத்துக்கு மட்டும் சம்மதம் வாங்கியது யார்? நான். சேற்றில் படி வெட்டுவது லேசு இல்லை. காலையில் வெட்டினால் மத்தியானம் சரியும். பல் இல்லாத பக்கெட்டை மாட்டி, பக்கெட் முதுகால் அமுக்கி அமுக்கி நிறுத்தினேன்.

மழை வந்தது. மேல் படியில் உள்ளான், நடுவில் நெட்டைக்கால் உள்ளான், அடியில் மஞ்சள்மூக்கு நாரை, ஓரத்தில் அரிவாள்மூக்கன். கல்யாணப் பந்திதான். ஒன்றின் இலையில் இன்னொன்று வாய் வைக்கவில்லை.

ஏரியைச் சுற்றியிருக்கிற அபார்ட்மென்ட்காரர்கள் கரையில் போர்டு வைத்தார்கள். 'ஏரிக்குப் பறவைகளைக் கொண்டுவந்தவர்' என்று சைலன்ஸ் போட்டோ. மாலை வேறு. எனக்கு வயிறு எரிந்தது. போர்டு திறப்பு விழாவில், மைக்கில் என் பேரைச் சொல்வார் என்று புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கைதட்டியது. அவர் "சைலன்ஸ்" என்று ஒரே கத்து. நாரை மொத்தமும் மர்பி டவுன் பக்கம் பறந்துவிட்டது. பேச்சு முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கும் கைதட்டல்.

மறுநாள் கரையில் அவரைப் பிடித்தேன். "என் பேரை ஏன்யா சொல்லல?"

"நாரைங்களுக்குத் தெரியும்யா."

"நாரையா போர்டு வைக்குது?"

அவர், ஒருத்தரையும் தொடவிடாத தன் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார்.

அதனால் அபார்ட்மென்ட்காரர்களுக்குச் சொல்கிறேன். சொன்னது அவர், வெட்டினது நான். என் பேரும் என் போட்டோவும் வரணும். தனி போர்டு வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அவர் பக்கத்தில்தான் நான் நிற்பேன்.